பிள்ளையார் எறும்பின் வீட்டில்

தண்டையார்பேட்டை கூட்ஸ் யார்டில்
நாலாவது லைனுக்கும் மதிலுக்கும் நடுவே
ஜல்லியைப் புரட்டிவிட்டுக் கூப்பிட்டார் தேசிங்கு:
"வாங்க மேடம், உங்காளுங்க ஓடுறாங்கோ."

கல்லுக்கடியில் பிள்ளையார் எறும்புகள்
முட்டையைத் தூக்கிக்கொண்டு
தீப்பிடித்த தெருவாகச் சிதறின.
எனக்கு எறும்பு வேண்டாம்.
எறும்பென்று எறும்பே நம்பிய ஒன்றுதான் வேண்டும்.

குப்புறப் படுத்தேன். நிலக்கரித் தூள் மூக்கில் ஏறியது.
வாயில் ரப்பர் குழாய், கையில் கண்ணாடிக் குப்பி.
நாற்பது நிமிடம்.
நடக்காமல் வழுக்கிய ஒரு பொட்டு,
மூன்று மில்லிமீட்டர், புளியங்கொட்டை நிறம்.
உறிஞ்சினேன்.

சுவர்க்கோழிக் குடும்பம்தான்.
ஆனால் சிறகில்லை, அதனால் பாட்டில்லை,
பாட்டைக் கேட்கக் காதுமில்லை.
பின்தொடை மட்டும்
வியாசர்பாடி ஃபுட்பால் பையன்களுடையதுபோல.

"எறும்பு வூட்ல இதுக்கு இன்னா வேலை?"
ஒரு வேலையும் இல்லை என்றேன்.
எறும்பின் முதுகை நக்கி நக்கி
அதன் வாசனையைப் பூசிக்கொள்ளும்.
பசித்தால் எறும்பின் வாயை மீசையால் தட்டும்.
தாளம் சரியாக இருந்தால் கிடைக்கும்.
"வாடகை?"
இல்லை.
"அட்வான்ஸ்?"
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
கடப்பாரையில் சாய்ந்தபடி கல்லையே பார்த்தார்.

என் நோட்டில் மூன்று கட்டங்கள்.
கண்டால் கடிபடுபவை.
கண்டும் காணாமல் விடப்படுபவை.
ஊட்டி வளர்க்கப்படுபவை.
காலையில் ஊட்டப்பட்ட இதே பூச்சி
மாலையில் துரத்தப்பட்டதைப் பார்த்தவள் நான்.
பென்சிலால் எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
அந்த இடத்தில் தாள் கம்பளியாகிவிட்டது.

மைக்ராஸ்கோப்பின் கீழே பின்னங்கால் முட்கள்.
தெரிந்த இனங்களுக்கெல்லாம் உள்பக்கம் நான்கு.
இதற்கு வலது காலில் மூன்று.
இடது காலில் மூன்று, அப்புறம்
நாலாவது முறிந்த வடுவா, வெறும் அழுக்கா,
இரவு எட்டு மணிக்குச் சொல்ல முடியவில்லை.

ஷேர் ஆட்டோவில் குப்பி கசிந்து
சுடிதாரெல்லாம் ஸ்பிரிட்.
காசிமேட்டிலிருந்து காலி நண்டுக்கூடையோடு வந்த அம்மா
முகர்ந்து பார்த்துவிட்டு நாலு விரற்கடை நகர்ந்தார்.
நான் நகரவில்லை.
நண்டு வாசனை அந்த ஆட்டோவின் சொந்த வாசனை.
வீட்டு ஓனர் பரிமளம் கதவைப் பாதி திறந்து
ஒரு மூச்சு இழுத்தார்.
பூச்சி ஆராய்ச்சி என்றேன்.
அந்த நேரத்துக்கு அது பொய்யாகத்தான் ஒலித்தது.

மூன்று நாள் தனியே வைத்திருந்த இன்னொன்றை
அதே கல்லுக்கடியில், அதே கூட்டில் விட்டேன்.
சோதனை 6.
தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோலத்தான் போனது.
முதல் எறும்பு நின்றது. மீசை தொட்டது.
தாளம் சரியாகத்தான் தட்டியது, நான் கூடவே எண்ணினேன்.
பதினொரு வினாடி.
அதன்பின் கால்கள்
ஒவ்வொன்றும் வேறு வேறு திசையில் போயின.

"மூணே நாளுதானே மேடம்?"
தேசிங்கு கொஞ்ச நேரம் பேசவில்லை.
"நைட் டூட்டி முடிச்சு டீசலோட போனா
என் கைக்குழந்த என்ன பாத்தே அழுவுது.
குளிச்சாத்தான் தூக்க வுடுது."

எறும்புகள் வெளியே தள்ளிய பின்னங்கால் ஒன்றை
இடுக்கியால் எடுத்துவந்தேன்.
மூன்று முட்கள்.
நாலாவதின் இடம் வழுவழுவென்றிருந்தது,
வடு இல்லை, அழுக்கில்லை.
யாரும் இன்னும் பெயர் வைக்காதது.
கத்த வேண்டும்போல இருந்தது.
பரிமளம் தூங்கிக்கொண்டிருந்தார்.

லேபிள் சுண்டுவிரல் நகத்தளவுத் தாள்.
அது பறக்காமலிருக்க ஃபேனை நிறுத்தினேன்.
தண்டையார்பேட்டை யார்டு, லைன் 4, ஜல்லிக்கடியில்.
பிள்ளையார் எறும்புடன்.
"எறும்புடன்" என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
கொன்றதும் அதேதான் என்று எழுத
தாளில் இடமில்லை.
கல்லைப் புரட்டியவர்: தேசிங்கு.
வேர்வை ஒரு சொட்டு விழுந்து
லைன் நம்பர் கரைந்தது.
இன்னொரு தாள் வெட்டினேன்.